உரம் என்று எழுதியிருந்தது

ஒரு கப்பல். பெயர், கியான் ஸீ. பதிவாகியிருந்தது லைபீரியாவில். ஏற்றியிருந்த சரக்கு, சுமார் 14,000 டன் சாம்பல். கிளம்பிய ஊர், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. போய்ச் சேரவேண்டிய ஊர்?

அதுதான் பிரச்னை. அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ள உலகத்தில் ஓர் ஊர்கூடக் கிடைக்கவில்லை. தங்கமோ எண்ணெயோ ஏற்றிய கப்பலென்றால் துறைமுகங்கள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடும். இதைப் பார்த்தவர்கள் எல்லாம் கதவைச் சாத்தினார்கள். 1986 செப்டம்பரில் புறப்பட்ட கப்பல், இரண்டு வருடத்துக்கும் மேலாகக் கடல் கடலாகச் சுற்றியது. இரண்டு முறை பெயரை மாற்றிக்கொண்டது. கடைசியில் சிங்கப்பூர்ப் பக்கம் தலைகாட்டியபோது உள்ளே ஒரு பிடி சாம்பல்கூட இல்லை.

எங்கே போச்சு?

அதற்குப் பதில் சொல்ல அமெரிக்க நீதிமன்றத்துக்குச் சில வருடங்கள் ஆயின. ஆனால் இந்தக் கப்பல் ஊர் சுற்றியதன் விளைவாக, உலகத்துக்கு ஒரு புதுச் சட்டமே பிறந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஃபிலடெல்ஃபியா பெரிய நகரம். பெரிய நகரத்தின் குப்பையும் பெரிது. அதை எரிக்கப் பெரிய பெரிய உலைகள் வைத்திருந்தார்கள். எரித்தால் குப்பை குறையும், ஒழியாது. மிச்சம் சாம்பல். வீட்டு அடுப்புச் சாம்பல் மாதிரி பாத்திரம் தேய்க்க உதவும் சமாசாரமல்ல. பேட்டரி, பெயின்ட், பிளாஸ்டிக், டியூப்லைட் எல்லாம் சேர்ந்து எரிந்த சாம்பல். ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம், போதாக்குறைக்கு டையாக்ஸின். இதில் எது எவ்வளவு, எவ்வளவு இருந்தால் ஆபத்து என்பதில் நகராட்சிக்கும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களுக்கும் கடைசிவரை தகராறுதான்.

அதுவரை அதைப் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்ஸியில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 1984-ல் நியூ ஜெர்ஸி, போதும் சாமி என்று சொல்லிவிட்டது. நகராட்சி கையைப் பிசைந்தது. உலையோ நிற்கவில்லை. சாம்பல் மலையாகக் குவிகிறது.

உலகமெங்கும் நகராட்சிகள் செய்கிற காரியத்தைத்தான் ஃபிலடெல்ஃபியாவும் செய்தது. டெண்டர் விட்டது. ஒரு உள்ளூர் கம்பெனி, சாம்பலை அப்புறப்படுத்த சுமார் அறுபது லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் எடுத்தது. அது ஒரு கப்பல் கம்பெனிக்கு உள் ஒப்பந்தம் கொடுத்தது. கப்பலை ஓட்ட இன்னொரு கம்பெனி. கொடி லைபீரியாவுடையது. இப்போது சாம்பல் யாருடையது? நகராட்சியைக் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் காட்டும். அவர் கப்பலைக் காட்டுவார். கப்பல் லைபீரியாவைக் காட்டும். இந்த ஏற்பாட்டை நன்றாக நினைவில் வையுங்கள். இனி வரப்போகிற கதை முழுக்க இதுதான்.

முதல் திட்டம் பஹாமாஸ். அங்கே ஒரு செயற்கைத் தீவில் கொட்டிவிடுவதாக ஏற்பாடு. கப்பல் போய்ச் சேருமுன் பஹாமாஸ் அரசாங்கம் முடியாது என்றுவிட்டது. அப்புறம் ஆரம்பித்தது யாத்திரை. டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், பனாமா, பெர்முடா, ஆப்பிரிக்காவில் கினி பிஸாவ். எல்லா இடத்திலும் ஒரே பதில். பல இடங்களில் கப்பல் வருமுன்பே சேதி வந்துவிட்டது. கிரீன்பீஸ் அமைப்பு, இதில் இருப்பது என்ன என்று அந்தந்த அரசாங்கங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பதினாறு மாதம் இப்படிப் போனது. 1987 முடிகிற நேரம். கப்பல் கரீபியன் கடலில் ஹைத்தியின் கோனாயீவ் நகரத்துப் பக்கம் வந்து நின்றது.

அப்போது ஹைத்தி இருந்த நிலைமையைச் சொல்லவேண்டும். மேற்கு அரைக்கோளத்தின் மிக ஏழையான நாடு. அப்பனும் மகனுமாக இருபத்தொன்பது வருடம் ஆண்ட துவாலியே குடும்பத்தின் ஆட்சி, மகன் 1986 பிப்ரவரியில் நாட்டைவிட்டு ஓடியதோடு முடிந்திருந்தது. ராணுவம் கையில் அதிகாரம். யார் கையெழுத்துப் போடுகிறார்கள், எதற்குப் போடுகிறார்கள் என்று கேட்க ஆளில்லாத நேரம்.

இறக்குமதி அனுமதி கிடைத்தது. அனுமதியில் சரக்கின் பெயர் சாம்பல் என்று இல்லை. உரம்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. பதினாறு மாதம் எந்த நாட்டிலும் இறங்க முடியாத சரக்கு, பெயரை மாற்றியதும் இறங்கிவிட்டது. 1988 ஜனவரியில் கடற்கரையில் கொட்ட ஆரம்பித்தார்கள். சுமார் நாலாயிரம் டன் இறங்கிய பிறகுதான் கிரீன்பீஸ் மூலம் விஷயம் ஹைத்தி அரசாங்கத்தின் காதுக்குப் போனது. கொட்டியதை எல்லாம் திரும்ப அள்ளிக்கொண்டு போ என்று உத்தரவு வந்தது. கப்பல் என்ன செய்தது? கொட்டியதைக் கொட்டியபடி விட்டுவிட்டு, மிச்சத்தோடு நழுவிவிட்டது.

கடற்கரையில் காற்று அடிக்கும்போதெல்லாம் உரம் பறந்தது.

இங்கே கப்பலைக் கொஞ்சம் நிறுத்திவைப்போம். ஏன் இப்படி ஊர் ஊராக அலைகிறார்கள்? சொந்த நாட்டிலேயே எங்காவது குழி தோண்டிப் புதைக்கக்கூடாதா?

புதைக்கலாம். காசு ஆகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1970-களில் இருந்தே சுற்றுச்சூழல் சட்டங்கள் இறுகத் தொடங்கியிருந்தன. விஷக் கழிவை முறைப்படி ஒழிக்க டன்னுக்கு நூறு டாலரில் ஆரம்பித்து, சரக்கைப் பொறுத்து ஆயிரம், இரண்டாயிரம்வரை போனது. அதே டன்னை ஆப்பிரிக்காவில் நாற்பது, ஐம்பது டாலருக்குத் தள்ளிவிடலாம். பி.காம். முதல் வருடத்துப் பையனிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால்கூட, கப்பல் வாடகை போக லாபம் எவ்வளவு என்று போட்டுக் கொடுத்துவிடுவான். சட்டத்தை இங்கே இறுக்கினார்கள். விஷம் அங்கே போனது. பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைக்குமே, அப்படி.

அவன் கணக்கில் வராத பகுதி ஒன்று உண்டு. கினி பிஸாவ் என்கிற குட்டி நாட்டுக்கு அந்த நாளில் ஒரு யோசனை வந்தது. ஐந்து வருடத்தில் ஒன்றரைக் கோடி டன் கழிவை வாங்கிப் புதைத்துக்கொண்டால் அறுபது கோடி டாலர். டன்னுக்கு நாற்பது டாலர் என்று வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அறுபது கோடி என்பது அந்த நாட்டின் வருட வருமானத்தைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பள்ளிக்கூடம் கட்டப் பணமில்லாத நாட்டு மந்திரியின் மேஜைமீது இந்தக் காகிதத்தை வைத்தால் அவர் என்ன செய்வார்? 1988-ல் செய்தி வெளியே வந்து ஊர் கூடி எதிர்த்த பிறகுதான் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

ஏழை நாட்டுக்குத்தான் இந்தக் கதி என்றும் நினைக்கவேண்டாம். ஐரோப்பாவுக்குள்ளேயே நடந்த கூத்து ஒன்று உண்டு. இத்தாலியில் செவேஸோ என்ற ஊர். 1976 ஜூலை 10-ம் தேதி அங்கே ஒரு ரசாயன ஆலையில் விபத்து. டையாக்ஸின் மேகம் கிளம்பி ஊர் மேல் படிந்தது. மக்களை வெளியேற்றினார்கள். ஆயிரக்கணக்கில் கால்நடைகளைக் கொன்றார்கள். பின்னால் ஆலையைச் சுத்தம் செய்தபோது, விபத்து நடந்த கொப்பரையில் இருந்த விஷத்தை 41 பீப்பாய்களில் அடைத்தார்கள். 1982 செப்டம்பரில் அவை லாரியில் எல்லை தாண்டி பிரான்ஸுக்குள் போயின. அதன்பிறகு காணவில்லை.

பீப்பாய்கள் எங்கே? பத்திரமான இடத்தில் புதைத்தாகிவிட்டது என்றது காகிதம். எந்த இடம் என்று கேட்டால் பதில் இல்லை. எட்டு மாதம் ஐரோப்பா முழுக்கத் தேடினார்கள். 1983 மே மாதம் வடக்கு பிரான்ஸில் ஒரு கிராமத்தில், உபயோகத்தில் இல்லாத ஓர் இறைச்சிக் கூடத்தில் 41-ம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடைசியில் ஆலையின் தாய்க் கம்பெனியே அவற்றை ஸ்விட்சர்லாந்துக்கு எடுத்துப்போய், 1985-ல் எரித்தது. எரித்த ஊரின் பெயர் பாசெல். அந்தப் பெயர் கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

அப்புறம் 1988. கோகோ. குடிக்கிற கோகோ அல்ல. நைஜீரியாவில் ஒரு சின்னத் துறைமுக ஊர்.

அங்கே உள்ளூர்க்காரர் ஒருவருடைய வீட்டை ஒட்டிய காலி இடத்தை ஒரு இத்தாலிய வியாபாரி வாடகைக்கு எடுத்திருந்தார். வாடகை மாதம் சுமார் நூறு டாலர். வைக்கப்போவது கட்டுமானத் தொழில் சம்பந்தப்பட்ட ரசாயனங்கள் என்று சொல்லப்பட்டது. பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கின. ஆயிரக்கணக்கான பீப்பாய்கள். மொத்தம் 3,800 டன் சொச்சம். வெயிலில் வீங்கின, ஒழுகின. உள்ளே என்ன என்று இடத்துக்காரருக்கும் தெரியாது, அக்கம்பக்கத்துக்கும் தெரியாது. காலியான பீப்பாய்களைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

கண்டுபிடித்தது போலீஸ் அல்ல. இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர்கள். அங்கத்திய பேப்பரில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, நம்ம ஊருக்குக் குப்பை போகிறது என்று சொந்த நாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப்போட்டார்கள். 1988 ஜூனில் விஷயம் வெடித்தது. நைஜீரிய அரசாங்கத்துக்கு வந்ததே கோபம்! தூதரைத் திரும்ப அழைத்தது. துறைமுகத்தில் நின்ற இத்தாலியக் கப்பல் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டது. சரக்கை எடுத்தால்தான் கப்பல். அந்த வருடமே, விஷக் கழிவைக் கொண்டுவருபவருக்கு ஆயுள் தண்டனை என்று சட்டமும் போட்டது.

இத்தாலி பணிந்தது. காரின் பி என்ற கப்பல் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பியது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஸ்பெயின் வராதே என்றது. பிரிட்டனில் ஆர்ப்பாட்டம். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து எல்லாம் முடியாது. ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்த சரக்கு, ஐரோப்பியத் துறைமுகத்தில் ஒரு நாள் நிற்கக்கூடத் தகுதியில்லாத அளவுக்கு ஆபத்தானதாம்! கடைசியில் பெற்ற பிள்ளையை இத்தாலியே வாங்கிக்கொண்டது.

இதே 1988-ல்தான் நம்முடைய சாம்பல் கப்பலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹைத்தியில் இருந்து நழுவி, பிறந்த இடத்துக்கே வந்து டெலவேர் விரிகுடாவில் நின்றது. ஃபிலடெல்ஃபியா வாங்கிக்கொள்ளத் தயாரில்லை. நகராமல் நில் என்று கடலோரக் காவல் படை சொல்லியும் ஒருநாள் கிளம்பிப் போய்விட்டது. செனகல், மொராக்கோ. யுகோஸ்லாவியாவில் ஃபெலீசியா என்று பெயர் மாற்றம். அங்கிருந்து சூயஸ் தாண்டி இந்தியப் பெருங்கடல். இலங்கையும் வேண்டாம் என்றது. கப்பலின் பெயர் இப்போது பெலிக்கானோ. நவம்பரில் சிங்கப்பூர் வந்தபோது காலி.

சரக்கை எங்கே இறக்கினீர்கள் என்று கேட்டதற்கு, கப்பலை நடத்தியவர்களிடம் உருப்படியான பதில் இல்லை. இறக்கவில்லை, கடலில் தள்ளியிருக்கிறார்கள். அட்லாண்டிக்கில் கொஞ்சம், இந்தியப் பெருங்கடலில் மிச்சம். சுமார் பத்தாயிரம் டன். 1993-ல் கப்பல் கம்பெனியின் நிர்வாகிகள் இருவர் அமெரிக்காவில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. என்ன குற்றம்? கடலில் கொட்டியதும், அதைப் பற்றிச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதும்.

கவனித்தீர்களா? ஹைத்தி அந்தத் தீர்ப்பில் இல்லை. ஒரு ஏழை நாட்டுக் கடற்கரையில் நாலாயிரம் டன்னை உரம் என்று சொல்லிக் கொட்டியதற்காக அந்த வழக்கில் யாரும் தண்டிக்கப்படவில்லை. 1988 ஜனவரியில் அதைச் சர்வதேசக் குற்றம் என்று சொல்ல ஓர் ஒப்பந்தமும் இருக்கவில்லை. சாம்பல் அபாயகரமான கழிவா என்பதே அமெரிக்கச் சட்டத்தில் அப்போது குழப்பம். வீட்டுக் குப்பைக்கு விலக்கு உண்டு, எனவே அதன் சாம்பலுக்கும் உண்டு என்று நகராட்சிகள் வாதாடின. அப்படி இல்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னது 1994-ல். கப்பல் கிளம்பி எட்டு வருடம் கழித்து.

ஆனால் உலகம் அதுவரை காத்திருக்கவில்லை. கியான் ஸீயும் கோகோவும் சேர்ந்து எல்லோரையும் உலுக்கிவிட்டன. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவராக இருந்த எகிப்துக்காரர் முஸ்தபா டோல்பா, நாடுகளைப் பிடித்து உட்காரவைத்தார். ஆப்பிரிக்க நாடுகள், இந்த வியாபாரமே கூடாது, முழுத் தடை வேண்டும் என்றன. பணக்கார நாடுகள், கட்டுப்பாடு போதும் என்றன. இழுபறிக்குப் பிறகு 1989 மார்ச் 22-ம் தேதி ஒப்பந்தம் நிறைவேறியது. நிறைவேறிய ஊர், பாசெல். செவேஸோவின் 41 பீப்பாய்களை எரித்த அதே ஊர். பாசெல் ஒப்பந்தம் 1992 மே மாதம் அமலுக்கு வந்தது. இந்தியா அந்த வருடமே சேர்ந்தது. இன்றைக்கு 190 நாடுகளுக்கு மேல் உறுப்பினர்கள். 1990-ல் கையெழுத்துப் போட்ட அமெரிக்கா இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. கப்பலை அனுப்பிய நாடு!

ஒப்பந்தம் என்ன சொல்கிறது? சிக்கலான சட்டமொழியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மூன்று விஷயம். ஒன்று, கழிவை அனுப்புமுன் வாங்குகிற நாட்டுக்கும் வழியில் இருக்கிற நாட்டுக்கும் எழுத்துமூலம் சொல்லவேண்டும். அவர்களும் எழுத்துமூலம் சரி என்று சொல்லவேண்டும். இரண்டு, சொல்லாமல் அனுப்பினாலும், பொய்க் காகிதத்தோடு அனுப்பினாலும் அது குற்றம். வெறும் அபராதச் சமாசாரமல்ல, கிரிமினல் குற்றம். மூன்று, அனுப்பியவர் தப்பு செய்திருந்தால், அந்த நாடு முப்பது நாளைக்குள் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யவேண்டும்.

ஆக, நகராட்சி ஒப்பந்தக்காரரைக் காட்டி, அவர் கப்பலைக் காட்டி, கப்பல் லைபீரியாவைக் காட்டுகிற விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி. குப்பைக்கு அம்மா அப்பா உண்டு என்று முதல்முறையாகச் சட்டம் சொன்னது.

எல்லோருக்கும் இது பிடித்துவிட்டதா? 1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணர் லாரன்ஸ் சம்மர்ஸின் கையெழுத்தோடு ஓர் உள் குறிப்பு சுற்றுக்குப் போனது. அழுக்குத் தொழில்களை ஏழை நாடுகளுக்கு மாற்றுவதை வங்கி ஊக்குவிக்கக் கூடாதா என்று அது கேட்டது. சம்பளம் குறைந்த நாட்டில் விஷக் கழிவைக் கொட்டுவதன் பின்னால் இருக்கும் பொருளாதாரத் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை என்றது. காரணம்? அங்கே ஒருத்தர் நோயில் படுத்தால் நஷ்டமாகிற சம்பளம் குறைவு. அடுத்த வருடம் குறிப்பு பத்திரிகைக்குக் கசிந்ததும், அது கிண்டலாக எழுதப்பட்டது என்று விளக்கம் வந்தது. இருக்கலாம். ஆனால் கோகோவின் வாடகையும் கினி பிஸாவின் நாற்பது டாலரும் கிண்டலே இல்லாமல் அதே கணக்கில் போடப்பட்டவை. ஓட்டையே இல்லாத அந்தக் கணக்கில், இருமுகிறவன் மட்டும் எந்தப் பத்தியிலும் வரமாட்டான்.

சரி, சட்டம் வந்துவிட்டது. குற்றம் நின்றுவிட்டதா?

2006 ஜூலை. ப்ரோபோ கோலா என்ற கப்பல் ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்துக்கு வந்தது. அதை வாடகைக்கு எடுத்திருந்தது டிராஃபிகுரா என்ற எண்ணெய் வியாபாரக் கம்பெனி. கந்தகம் மிகுந்த மலிவான பெட்ரோலியப் பொருளைக் கப்பலிலேயே காஸ்டிக் சோடா போட்டுச் சுத்தம் செய்திருந்தார்கள். மிச்சமான கழிவைக் கப்பல் தொட்டி கழுவிய சாதாரணத் தண்ணீர் என்ற கணக்கில் இறக்கப் பார்த்தார்கள். நாற்றம் ஊரைத் தூக்கியது. சோதித்துப் பார்த்த கம்பெனி, இதற்குக் கன மீட்டருக்குச் சுமார் ஆயிரம் யூரோ ஆகும் என்றது. வேண்டாம் என்று சரக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பிவிட்டது.

ஆகஸ்ட் 19. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரம். அப்போதுதான் உரிமம் வாங்கியிருந்த ஓர் உள்ளூர் கம்பெனி, கன மீட்டருக்குச் சுமார் 35 டாலருக்கு வேலையை எடுத்துக்கொண்டது. ராவோடு ராவாக லாரிகளில் ஏற்றி, ஊரைச் சுற்றிக் குப்பைமேடு, சாக்கடை என்று கண்ட இடத்தில் ஊற்றியது. காலையில் எழுந்த ஜனங்களுக்குக் கண் எரிச்சல், மூச்சுத் திணறல், வாந்தி. ஒரு லட்சம் பேருக்கு மேல் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். குறைந்தது 15 பேர் இறந்ததாக அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். சாவுக்கும் சரக்குக்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி மறுத்தது.

2007-ல் ஐவரி கோஸ்ட் அரசாங்கத்தோடு சுமார் இருபது கோடி டாலருக்கு டிராஃபிகுரா சமரசம் செய்துகொண்டது. 2009-ல் லண்டன் வழக்கில் சுமார் முப்பதாயிரம் பேருக்கு மூன்று கோடி பவுண்டு. தலைக்கு ஆயிரம் பவுண்டு. தப்பை ஒப்புக்கொள்ளாமலே. 2010-ல் நெதர்லாந்து நீதிமன்றம், சரக்கின் தன்மையை மறைத்ததற்கும் சட்டவிரோதமாக ஏற்றுமதி செய்ததற்கும் பத்து லட்சம் யூரோ அபராதம் போட்டது. ஜெயிலுக்குப் போனது யார்? அபிஜானில் லாரி பிடித்துக் கொடுத்த உள்ளூர் கம்பெனியின் தலைவர். இருபது வருடம்.

ஹைத்தியில் உரம். கோகோவில் கட்டுமான ரசாயனம். ஆம்ஸ்டர்டாமில் கழுவிய தண்ணீர். இந்தக் குற்றத்துக்குத் துப்பாக்கி வேண்டாம், முகமூடி வேண்டாம், நள்ளிரவுப் படகு வேண்டாம். ஒரு படிவமும் அதில் சரக்கின் பெயர் எழுதுகிற கட்டமும் போதும். சந்தனமும் தந்தமும் கடத்துகிறவன் சரக்கை ஒளித்துவைப்பான். கழிவு கடத்துகிறவன் பட்டப்பகலில் துறைமுக வாசல் வழியாக வரி கட்டி வருவான். காட்டு விலங்கு, மரம், மீன், கனிமம், கழிவு எல்லாம் சேர்த்து, உலகில் நடக்கும் சுற்றுச்சூழல் குற்றங்களின் மதிப்பு வருடத்துக்கு 9,100 கோடி டாலரில் இருந்து 25,800 கோடி டாலர்வரை இருக்கலாம் என்று இன்டர்போலும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் 2016-ல் மதிப்பிட்டன. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். பொய்க் காகிதத்தில் நடக்கும் வியாபாரத்துக்குச் சரியான கணக்கு எங்கிருந்து வரும்?

அப்படியானால் சட்டம் போட்டுப் பிரயோஜனமில்லையா?

உண்டு. நம் பக்கத்திலேயே, கொழும்பில் பார்க்கலாம். 2017-ல் தொடங்கி பிரிட்டனில் இருந்து கன்டெய்னர்கள் வந்து இறங்கின. காகிதத்தில் இருந்தது பழைய மெத்தை, கம்பளம். கம்பி பிரித்து மறுசுழற்சி செய்யப் போகிறார்களாம். 2019-ல் கன்டெய்னர்களைத் திறந்து பார்த்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம். மருத்துவமனைக் கழிவும் கலந்திருந்ததாக சுங்கத்துறை சொன்னது. உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பு நீதிமன்றம் போனது. பாசெல் ஒப்பந்தம் மீறப்பட்டிருக்கிறது, அனுப்பிய இடத்துக்கே திருப்பு என்று 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. மொத்தம் 263 கன்டெய்னர். கடைசி 45 கப்பலேறியது 2022 பிப்ரவரியில்.

முப்பது நாளில் நடக்கவேண்டியதற்குச் சில வருடம் ஆனது, வாஸ்தவம். ஆனால் நடந்தது. ஹைத்திக்காரன் கையில் இல்லாத ஒரு காகிதம் இலங்கைக்காரன் கையில் இருந்தது. முப்பது வருடத்தில் மாறியது அதுதான்.

அந்த ஒப்பந்தம் இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கிறது. பணக்கார நாடுகள் அபாயக் கழிவை ஏழை நாடுகளுக்கு அனுப்பவே கூடாது என்று 1995-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்கர்கள் 1989-ல் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். போதுமான நாடுகள் ஏற்று அது அமலுக்கு வந்தது 2019 டிசம்பரில். இருபத்துநான்கு வருடம்! 2021 ஜனவரியில் இருந்து, தரம் பிரிக்காத பிளாஸ்டிக் குப்பையை அனுப்புவதற்கும் முன் அனுமதி கட்டாயம்.

ஹைத்திக் கடற்கரையில் கிடந்த சாம்பல் என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்பீர்கள்.

உள்ளூர் ஆட்கள் ஒரு பகுதியை அள்ளி, கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தொட்டி கட்டிப் போட்டு வைத்தார்கள். காற்றிலும் மழையிலும் ஒரு பகுதி போயிற்று. ஹைத்திக்காரர்களும் அமெரிக்க ஆர்வலர்களும் சேர்ந்து, அனுப்பியவருக்கே திருப்பு என்று வருடக்கணக்கில் இயக்கம் நடத்தினார்கள். ஃபிலடெல்ஃபியா நகராட்சி அசையவில்லை. அசைத்தது வேறொரு நகரம். பழைய சாம்பல் ஒப்பந்தக்காரர் குடும்பத்தோடு தொடர்புள்ள ஒரு குப்பை நிறுவனம், நியூயார்க்கில் தொழில் செய்ய உரிமம் கேட்டது. உரிமம் வேண்டுமா? ஹைத்தி சாம்பலைத் திரும்பக் கொண்டுவரும் செலவில் பங்கு கொடு, புதைக்க இடமும் கொடு என்றது நியூயார்க்கின் குப்பைத் தொழில் கண்காணிப்பு ஆணையம். உலகச் சட்டமும் மனசாட்சியும் செய்யாததை ஒரு நகரத்தின் லைசென்ஸ் ஃபைல் செய்தது.

2000 ஏப்ரலில் மிச்சமிருந்த சுமார் 2,500 டன்னை ஏற்றிக்கொண்டு வந்து ஃப்ளோரிடாவில் ஒரு கால்வாயில் படகோடு நிறுத்தினார்கள். அங்கேயும் அதே கதை. இந்த மாநிலம் வேண்டாம், அந்த மாநிலம் வேண்டாம். இரண்டு வருடத்துக்கும் மேல் நின்ற படகில், சாம்பல்மேல் செடிகளும் மரக்கன்றுகளும் முளைத்துவிட்டன. 2002-ல் ஒருவழியாக அதை பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். ஃபிலடெல்ஃபியா இருக்கிற அதே மாநிலம். கிளம்பிப் பதினாறு வருடம் கழித்து வீடு திரும்பியது.

எல்லாச் சோதனையும் முடிந்து, சாதாரணக் குப்பையோடு புதைக்கலாம் என்றுதான் அமெரிக்க அதிகாரிகள் முடிவுக்கு வந்தார்கள். அவ்வளவு சாதுவான சரக்கென்றால் முதல் நாளே பக்கத்து ஊரில் புதைத்திருக்கலாமே? ஹைத்திவரை போவானேன்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

திரும்பி வந்தது 2,500 டன். கிளம்பியது 14,000. மிச்சம் கடலிலும் ஹைத்தி மண்ணிலும் இருக்கிறது. அங்கே யாரும் பெயர் எழுதி ஒட்டவில்லை.